கயிறில்லாமல் இழுத்தவன்

கிண்ணியாவில் போய் அபூதாஹிரைத் தெரியுமா என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். "முக்கால்" என்று கேளுங்கள், அந்தக் கணமே குறிஞ்சாக்கேணிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஒரு மனிதனுக்கு இப்படியும் பட்டப்பெயர் வருமா என்றால், வரும். நாற்பத்திரண்டு கிலோமீற்றர் மரதன் ஓட்டத்தில் மூன்று வருடம் அடுத்தடுத்து இறங்கி, மூன்று முறையும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டாவது கிலோமீற்றரில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் குந்தினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கணக்கில் கெட்டிக்கார ஊர் அது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிரித்த அத்தனை பேரிலும் முப்பத்தொரு கிலோமீற்றர் ஓடியவர் ஒருவரும் இல்லை. பால் வாங்கச் சந்திக் கடைக்குப் போவதற்கே மோட்டார் சைக்கிள் தேடுகிற ஆட்கள்தான் முக்கால், அரைக்கால் என்று கதைத்தார்கள். அபூதாஹிர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. "ஓம், முக்கால்தான். மிச்சம் கால்வாசி, அதையும் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. தொழில் கரைவலை இழுப்பது. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாகப் போட்டுவிட்டு, அதன் இரண்டு நுனிக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுப்பார்கள். இடுப்பிலே ஒரு பட்டி. அதைக் கயிற்றில் கொளுவி, முகம் கடலைப் பார்க்க, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிக்காலை மணலில் குத்திக் குத்திப் பின்பக்கமாக நடக்க வேண்டும். மேட்டுக்கு வந்ததும் கொளுவியதைக் கழற்றி, திரும்பவும் தண்ணீரோரம் போய்க் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒரு வலை கரைக்கு வர மூன்று மணித்தியாலம் எடுக்கும். சில நாட்களில் இரண்டு வலை. அபூதாஹிர் இதை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறான்.

ஓட்டம் அவனிடம் வந்தது முப்பத்தெட்டு வயதில், ஒரு மழையால். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மழை பிடித்தது, ஓடினான். மழை விட்டது, அவன் ஓட்டத்தை விடவில்லை. வீட்டையும் தாண்டிப் பாலம் வரைக்கும் ஓடித் திரும்பி வந்தவனைக் கண்டு மனைவி சுஹைரா பதறிப்போனாள். யாரோ மௌத்தாகிவிட்ட சாவுச் செய்தி கொண்டு வருகிறான் என்று நினைத்தாள்.

"என்ன, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. சும்மா ஓடினனான்."

"சும்மா ஓடுறதுக்கு நீங்க என்ன ஆட்டுக்குட்டியா?"

மூச்சு வாங்க வாங்க அவன் சொன்னான்: "சுஹைரா, பதினேழு வருசமா நான் பின்னால நடந்து பிழைக்கிறன். முன்னால ஓடுறது எவ்வளவு நல்லா இருக்குது தெரியுமா?"

சுஹைரா தையல்காரி. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள், எந்த வாடிக்கையாளருக்கும் பதில் சொல்லத் தயங்காதவள். அன்றைக்கு உள்ளே போய் ஒரு துவாயை எடுத்து வந்து அவன் தலையில் போட்டாள், அவ்வளவுதான்.

அன்று தொடங்கிய ஓட்டம் ஐந்து வருடத்தில் மூன்று மரதனில் கொண்டுபோய் விட்டது. மூன்றாவது முறை விழுந்தபோது முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியது. டொக்டர் எக்ஸ்றே படத்தைப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், பிறகு நேராகச் சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி வீங்கினால் ஓட்டம் மட்டுமில்ல, வலை இழுக்கிறதும் ஏலாமப் போகும்."

வீட்டுக்கு வந்ததும் சுஹைரா தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கதிரையைத் திருப்பிப் போட்டாள். அவள் மெசினை நிறுத்தினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"இஞ்ச பாருங்க. இன்னும் ஒரே ஒருக்கா. வாற வருச ஓட்டத்த முழுசா முடிச்சீங்க எண்டால் நீங்க கிழவனாகும் மட்டும் ஓடுங்க, நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன். முடிக்காட்டி சப்பாத்தைக் கழட்டிரணும். மறுகா ஓட்டம் எண்ட கதையே இந்த வீட்டுல வரக்கூடாது. வாக்குத் தருவீங்களா?"

கேட்டது நியாயம் என்று அபூதாஹிருக்குத் தெரியும். அந்த முழங்காலில்தான் இந்த வீட்டு அடுப்பும் எரிகிறது. ஓட்டம் இல்லாத ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்த்தான். ஆனாலும் கையை நீட்டி வாக்குக் கொடுத்தான்.

முழங்கால் ஆறி, அவன் மெல்ல மெல்ல ஓடத் தொடங்கியதும் உபதேசம் நாலு பக்கத்திலிருந்தும் வந்தது. கேட்காதவனுக்கும் கிடைக்கிற ஒரே பொருள் அதுதானே. பச்சை முட்டை குடி என்றான் ஒருவன். சப்பாத்தை மாற்று என்றான் இன்னொருவன். எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது, காலை நீட்டி வை, வைக்கிற எட்டு நீளமானால் எண்ணிக்கை குறையும், முழங்காலுக்கும் அலுப்புக் குறையும் என்பது. அபூதாஹிருக்கும் அது சரியாகவே பட்டது. நீட்டி நீட்டி வைத்தான். வலி இன்னும் சீக்கிரம் வந்தது.

அவனோடு விடியற்காலையில் ஓடுகிற ஆள் ஒருவன் இருந்தான், தனஞ்சயன். திருகோணமலை நகரத்தில் வங்கி ஒன்றில் வேலை. மரதனை நடத்துகிற கொட்டியாரக்குடா ஓட்டக் கழகத்தில் அவனும் ஒருவன். ஓட்டம் பற்றி வாசிப்பான், ஆனால் வாசித்ததையெல்லாம் மற்றவர் தலையில் கொட்டுகிற ஆளில்லை. அபூதாஹிரை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுகிறவன், ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நானா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஓடேக்க ஒவ்வொரு எட்டுக்கும் குதிக்காலை முன்னுக்குக் குத்துறியள். அது பிறேக் போடுற மாதிரி. பிறேக் போட்டுப் போட்டு ஆரும் கொழும்புக்கு லொறி ஓட்டுவாங்களே? அந்த அடி முழுக்க முழங்காலுக்குத்தான் போகுது. கால் உடம்புக்குக் கீழ விழவேணும். உடம்பு கொஞ்சம் முன்னால சாயவேணும்."

"சாயிறன்தானே தம்பி?"

"நீங்கள் பின்னால சாயிறியள் நானா."

அபூதாஹிர் நம்பவில்லை. தான் முன்னால் சாய்ந்து ஓடுவதாகத்தான் இந்த ஐந்து வருடமும் நினைத்திருந்தான். வீட்டுக்கு வந்து சுஹைராவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி அவனைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். அடுத்த நாள் அவனுடைய ஓட்டப் பெனியனின் பக்கத் தையலில் அக்குள் தொடங்கி இடுப்பு வரைக்கும், பிறகு காற்சட்டையின் பக்கத் தையலிலும், விரல் அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டியைத் தைத்து வைத்திருந்தாள். "இதப் போட்டு ஓடுங்க, தனஞ்சயன் தம்பியப் பக்கவாட்டில நிண்டு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. துணி பொய் சொல்லாது" என்றாள்.

துணி பொய் சொல்லவில்லை. வீடியோவில் அந்த வெள்ளைக் கோடு காற்றில் தள்ளுப்பட்ட வேலிக்கதியால் தடி மாதிரிப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அபூதாஹிருக்கு வெட்கமாகிவிட்டது. நிமிர்ந்து ஓடிப் பார்த்தான். இரண்டு நிமிடம் கோடு நேராக நிற்கும், மூன்றாவது நிமிடம் பழையபடி சாய்ந்துவிடும். ஒரு கிழமை முயன்றும் அதுதான். ஏன் என்று தனஞ்சயனுக்கும் விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கவில்லை. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள். எங்கே பழகிய பழக்கம் என்று தெரிந்தால் அல்லவா விடுவதற்கு?

தெரியவந்தது கடற்கரையில். வலையைக் கொண்டுபோன வள்ளம் திரும்பும்வரை எல்லாரும் மணலில் குந்தித் தேநீர் குடிக்கிற நேரம். அந்த வீடியோவோடு அபூதாஹிரின் போன் கைக்குக் கை போனது. சிரிப்பும் கேலியும். "மச்சான், கோடு போட்ட அணில் மாதிரி இருக்கிறாய்" என்றான் ஒருவன். போன் கடைசியாகச் சரீபின் கைக்கு வந்தது. பதினைந்து வருடமாகக் கயிற்றில் அபூதாஹிருக்கு அடுத்த ஆள் சரீப். வாய் திறந்தால் பகிடி தவிர வேறொன்றும் வராது. அவன் வீடியோவை ஒரு முறை பார்த்தான், இரண்டாவது முறையும் பார்த்தான், சிரிக்கவில்லை.

"இவன் ஓடேல்லடா," என்றான். "இழுக்கிறான்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சரீப் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான். "இந்தா, குதிக்காலக் குத்துறான். இந்தா, இடுப்புப் பின்னால போகுது. கையப் பாருங்க, ரெண்டும் இடுப்பில, கயிறு பிடிச்ச கை. கயிறு மட்டுந்தான் இல்ல. மச்சான், நீ முன்னுக்குப் போய்க்கொண்டே வலை இழுக்கிறாய்!"

அபூதாஹிர் போனை வாங்கிப் பார்த்தான். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. பிறகு மெதுவாக, களவு பிடிபட்டவன் மாதிரிச் சொன்னான்: "ஓடேக்க நான் வாய்க்குள்ள அம்பாவும் படிக்கிறனான்."

அவ்வளவுதான், கடற்கரையே விழுந்து விழுந்து சிரித்தது. அம்பா என்பது வலை இழுக்கும்போது எல்லாரும் சேர்ந்து எடுக்கிற பாட்டு. வலை தூரத்தில் கிடக்கும்போது அது நீட்டி நீட்டி வரும், "ஏ...லே...லோ... தாங்கு... தாங்கு..." என்று, ஒரு சொல்லுக்கு ஒரு குத்து. வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற பை, முழங்கால் தண்ணீருக்கு வந்த பிறகுதான் வேகப் பாட்டு, "ஏலோ ஏலோ மடி வருது, ஏலோ ஏலோ கரை வருது" என்று, காலும் சின்னச் சின்னதாக, படபடவென்று. அபூதாஹிர் இத்தனை வருடமும் ஓடியது அந்த நீட்டுப் பாட்டுக்கு.

சிரிப்பு அடங்கியதும் கரைவலையின் மண்டாடி குலசிங்கம் அண்ணன் வாயைத் திறந்தார். எப்போது வலை போடுவது, எப்போது இழுப்பது, எந்தப் பக்கம் விடுவது என்று எல்லாம் அவர் சொல்லுத்தான். சொல் குறைந்த மனிதர். "அப்ப பாட்டை மாத்து" என்றார்.

இப்போதுதான் அபூதாஹிர் என்ற மனிதனை நான் மெச்ச வேண்டிய இடம் வருகிறது. பாட்டை மாற்றுவது சொல்வதற்கு இரண்டு சொல். செய்வதற்கு ஒன்பது மாதம். விடிய நாலரைக்கு எழுந்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து உடம்பை முன்னால் சாய்ப்பான், விழப்போகிற கணத்தில் கால் தானாக முன்னே வரும். அந்தக் கால் விழுகிற இடம்தான் சரியான இடம். இருபது முறை அப்படி. பிறகு தெருவில் இறங்கி வேகப் பாட்டை வாய்க்குள் எடுத்து, குறுகிய எட்டாக வைத்து ஓடுவான். முதல் கிழமை பத்தே நிமிடம். அதற்கே கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிடும். வேகம் பாதியாகக் குறைந்தது. நாய் துரத்தினால்கூடத் தப்பமாட்டேன் போலிருக்கிறது என்று தனஞ்சயனிடம் சொல்லிச் சிரித்தான்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், காலையில் தெருவில் படித்ததைப் பகலில் மணல் அழித்துவிடும். மூன்று மணித்தியாலம் பின்னால் சாய்ந்து இழுத்துவிட்டு வந்தால் உடம்பு திரும்பவும் பழைய பாடத்துக்குப் போய்விடும். முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி, முன்னால் நடந்து இழுக்கட்டுமா என்று குலசிங்கம் அண்ணனிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்தான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சோறு தாற வலைக்கு ஆரும் முதுகு காட்டுவாங்களே தம்பி?" என்றார். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. மணலில் ஒரு உடம்பு, தெருவில் ஒரு உடம்பு என்று இரண்டையும் வைத்துக்கொண்டான். வேலை முடிந்து தெருவில் கால் வைத்ததும் நின்று, தோளை உதறி, கைகளை இடுப்பிலிருந்து மேலே எடுத்து, இருநூறு அடி வேகப் பாட்டுக்கு நடந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவான். கண்டவர்கள் முக்காலுக்கு மூளையும் முக்கால் என்றார்கள். அவன் நிறுத்தவில்லை. ஒன்பது மாதத்தில் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அடேயப்பா, இந்த மன உறுதி எத்தனை பேருக்கு வரும்!

எட்டாவது மாதம் தனஞ்சயன் எடுத்த வீடியோவில் வெள்ளைக் கோடு ஒரு மணித்தியாலம் முடிந்த பிறகும் நேராக, ஒரு துளி முன்னால் சாய்ந்து நின்றது. முன்பு நிமிடத்துக்கு நூற்றைம்பது எட்டு வைத்தவன் இப்போது நூற்றெழுபத்தைந்து வைத்தான். சுஹைரா போனை வாங்கி, படத்தை நிறுத்தி, கோட்டின் மேல் அளவு நாடாவையே வைத்துப் பார்த்தாள். "தையல் நேர்" என்றாள். கண் கலங்கியதை மறைக்க மெசினை ஓட்டத் தொடங்கினாள்.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிண்ணியாவில் தொடங்கி, மூதூர்ப் பக்கம் போய்த் திரும்பி, கடைசியில் கடற்கரை வீதியால் வந்து பொது மைதானத்தில் முடியும். விடிய ஐந்து மணிக்கு விசில் ஊதியதும் இருநூறு பேர் பாய்ந்தார்கள். அபூதாஹிர் பாயவில்லை. "ஏலோ ஏலோ மடி வருது" என்று வாய்க்குள் தொடங்கி, சின்னச் சின்ன எட்டாக, எல்லாருக்கும் பின்னால் போனான். முதல் பத்துக் கிலோமீற்றரில் அவனைத் தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர். பதினைந்துக்குப் பிறகு அவர்களில் சிலர் அவனுக்குப் பின்னால் வரத் தொடங்கினார்கள். வெயில் ஏறியது. இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பது.

முப்பத்தோராவது கிலோமீற்றர்ப் பலகை தெரிந்தது. இந்த இடத்தில்தான் மூன்று வருடமும் முழங்காலுக்குள் ஊசி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். பலகை வந்தது, போனது. முப்பத்திரண்டு. வலி இல்லை. முப்பத்து மூன்று. முழங்கால் எண்ணெய் போட்ட கதவு மாதிரிப் பேசாமல் திறந்து மூடியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். தண்ணீர்ப் போத்தல் நீட்டிய பிள்ளை பயந்து பின்வாங்கியது.

முப்பத்தெட்டில் வேறொன்று வந்தது. முழங்கால் அல்ல, கெண்டைக்கால். இடது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. ஒரு எட்டு நொண்டினான், இரண்டு எட்டு நொண்டினான். நொண்டியதும் பாட்டு அறுந்தது. பாட்டு அறுந்ததும் உடம்பு பின்னால் சாய்ந்தது, குதிக்கால் முன்னே போய்க் குத்தியது. முழங்காலுக்குள் அந்தப் பழைய ஊசி மெல்ல மினுங்கியது. வேகப் பாட்டை எடுக்கப் பார்த்தான், அது வரவில்லை. நீட்டுப் பாட்டுத்தான் வந்தது. இன்னும் நாலு கிலோமீற்றர். சுஹைராவுக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் வந்து நின்றது. முடிந்தது, இதோடு முடிந்தது என்று நினைத்தான்.

அந்த இடத்தில் வீதி கடலுக்குக் கிட்ட வரும். அவனுடைய ஆட்கள் அங்கேதான் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் பாரை மீன் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டதால் குலசிங்கம் அண்ணன் வலையைப் போடச் சொல்லியிருந்தார். வலை நல்ல கனம். வீதியிலிருந்தே தெரிந்தது. கயிறு விறைத்து நின்றது, ஆட்களின் கால் மணலுக்குள் கணுக்கால் வரை புதைந்து கிடந்தது. சரீபுக்கு முன்னால் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அது அபூதாஹிரின் இடம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கனத்த வலை வரும்போது வழியில் போகிறவன் யாராக இருந்தாலும் இறங்கிக் கயிற்றில் கை வைப்பான். பள்ளிக்குப் போகிறவனும் வைப்பான், கோயிலுக்குப் போகிறவனும் வைப்பான். வேண்டாம் என்று எந்த மண்டாடியும் சொன்னதில்லை, பார்த்துக்கொண்டு போனவனை ஊர் மன்னித்ததும் இல்லை. வலைக்காரன் ஒருவன் அப்படிப் போனதாக ஒரு கதைகூடக் கிடையாது.

அபூதாஹிர் நின்றுவிட்டான். கால் தானாகவே வீதியை விட்டு மணலில் இறங்கியது. உண்மையைச் சொன்னால் அதில் ஒரு ஆறுதலும் இருந்தது. தோற்று நின்றான் என்று யார் சொல்ல முடியும்? வலை கனத்தது, இறங்கினான், அவ்வளவுதானே.

"தொடாதே!"

குலசிங்கம் அண்ணனின் குரல். அந்த மனிதர் அப்படிக் கத்தி ஒருவரும் கேட்டதில்லை.

"தொடாதே தம்பி! ஏறு ரோட்டுக்கு! ஓடு!"

"அண்ணன், வலை கனக்குது..."

"கனக்கட்டும்! அது எங்கட வேலை. நீ உன்ர வேலையப் பார்!"

அபூதாஹிர் ஒரு எட்டு மேலே வைத்தான். நொண்டினான். சரீப் அதைக் கண்டான். கயிற்றை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பிக் கண்டான். கண்டதும் தொண்டை நரம்பு புடைக்க எடுத்தான், "ஏலோ ஏலோ மடி வருது!"

மடி வரவில்லை. மடி எங்கோ தூரத்தில், கழுத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கத்து அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது, "ஏலோ ஏலோ கரை வருது!" நூறு யார் தள்ளி நின்ற மற்ற அணியும் எடுத்தது. பாடிக்கொண்டு சும்மா நிற்க யாருக்கும் ஏலாது. கால்கள் பாட்டோடு போயின, கயிறு பாட்டோடு போனது, அந்தக் கனத்த வலையை ஓட்டமும் நடையுமாக இழுத்தார்கள். குலசிங்கம் அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தவில்லை. அவரும் பாடினார்.

அந்தத் தாளத்துக்கு அபூதாஹிரின் கால் எழும்பியது. சின்ன எட்டு, இன்னொரு சின்ன எட்டு. உடம்பு நிமிர்ந்து முன்னால் சாய்ந்தது. கைகள் இடுப்பை விட்டு மேலே வந்தன. கெண்டைக்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டான். வீதி வளைவு வரைக்கும் பாட்டுக் கேட்டது. வளைவுக்குப் பிறகு காதில் கேட்கவில்லை, வாய்க்குள் இருந்தது. அழுதுகொண்டே ஓடினான். பார்த்தவர்கள் வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

மைதானத்தில் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் சுஹைரா நின்றாள். தனஞ்சயன் அரை மணித்தியாலத்துக்கு முன்பே ஓடி முடித்துவிட்டு அவளோடு நின்றான். நாலு மணித்தியாலம் முப்பத்தாறு நிமிடத்தில் அபூதாஹிர் கோட்டைத் தாண்டினான், நூற்றுப் பன்னிரண்டாவது ஆளாக. முதலாவதாக வந்தவனுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் விழவில்லை. சுஹைரா கிட்ட வந்து, குனிந்து, அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை.

"கிழவனாகும் மட்டும் ஓடுங்க" என்றாள்.

அவன் பதக்கத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. "வலைக்குப் போவம்" என்றான். முச்சக்கர வண்டி ஒன்றைப் பிடித்து இருவரும் கடற்கரைக்கு வந்தார்கள். வலை கரையில் விரிந்து காய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் மணலில் மல்லாந்து கிடந்தார்கள், கைகளெல்லாம் சிவந்து உரிந்திருந்தன. மீன் பெட்டிகளை அபூதாஹிர் பார்த்தான். அவ்வளவு கனத்த வலைக்கு இருபது பெட்டியாவது நிறைந்திருக்க வேண்டும். ஒன்பது இருந்தது.

"மிச்சம் எங்க?" என்றான்.

அவனுக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. வலை தூரத்தில் கிடக்கும்போது வேகமாக இழுத்தால் அதன் அடிக்கயிறு மண்ணை விட்டு எழும்பும். எழும்பிய இடைவெளியால் மீன் கீழே போய்விடும். அதற்காகத்தான் நீட்டுப் பாட்டு. இருபத்திரண்டு வருடம் இழுத்தவனுக்கு இது தெரியாதா? அங்கே கிடந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பாடியிருக்கிறார்கள்.

"ஏன் அண்ணன்?" என்று கேட்டான். "எல்லாற்ற சோறும் எல்லோ. ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?"

குலசிங்கம் அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மீன் நாளைக்கும் வரும் தம்பி. நீ அதில நிண்டிருந்தால் நாளைக்கு எழும்பி ஓடுவியோ?"

அபூதாஹிர் அவர் பக்கத்தில் மணலில் குந்தினான். பெரிய மனிதன் என்றும் பாராமல், மனைவி நிற்கிறாள் என்றும் பாராமல் விம்மி அழுதான். சரீப் எழுந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தான்.

அடுத்த நாள் விடிய எல்லாருக்கும் முதல் கயிற்றடிக்கு வந்தவன் அபூதாஹிர். கால் இரண்டும் உலக்கை மாதிரி விறைத்து, படியிறங்கக்கூட முடியாமல் பக்கவாட்டில் நடந்து வந்தான். வீட்டில் படு என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்காமல் இடுப்புப் பட்டியைக் கட்டிக் கயிற்றில் கொளுவினான். வலை கனக்கத் தொடங்கியதும், மற்றவர்கள் வாய் திறக்கும் முன்னே, அவன்தான் அம்பாவை எடுத்தான். ஒரு சொல்லுக்கு ஒரு குத்தாக, அடிக்கயிறு மண்ணை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பாதபடி, நீட்டி நீட்டி எடுத்தான்.